பிஸ்கோ கிடைக்காத ஊரில் ஒரு தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. புதுச்சேரி ஹோட்டல் வேலைக்குத் திரும்புவதற்குள் வீட்டிலேயே பிஸ்கோ சவர் போட்டுப் பழகிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். காரைக்கால் பாரதியார் சாலையில் தொடங்கி வாஞ்சூர் வரை கடை கடையாக ஏறி இறங்கியும் பிஸ்கோ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கூட அகப்படவில்லை என்றும், ஒரு கடைக்காரர் அது பிஸ்கட்டா என்று கேட்டார் என்றும் வருத்தப்பட்டிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வி: "நம்மூர் பிராந்தியையே ஊத்திச் செஞ்சா தப்பாண்ணே?"

தப்பில்லை. தாராளமாகச் செய். ஆனால் செய்து முடித்த பிறகு அதைப் பிஸ்கோ சவர் என்று சொல்லாதே, பிராந்தி சவர் என்று சொல். இந்த ஒரு விஷயத்தில் நீ உறுதியாக இருந்தால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். அந்தக் கைப்பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்பதையும் எழுதுகிறேன். முதலில் பெயர் விஷயம்.

பிஸ்கோ என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து ஒயினாக்கி, அந்த ஒயினைக் காய்ச்சி வடிப்பது. அந்த வகையில் அதுவும் பிராந்திதான். ஆனால் பெரு நாட்டின் விதிகள் கடுமையானவை. லிமா, இகா, அரேக்கிப்பா, மொக்கேகுவா, தக்னா என்ற 5 வட்டாரங்களில்தான் அதைச் செய்யலாம். அனுமதிக்கப்பட்ட திராட்சை 8 வகை. காய்ச்சும்போதே வேண்டிய வீரியத்துக்கு வடித்துவிட வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி இறக்கக் கூடாது. மரப்பீப்பாய் பக்கமே போகக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் போன்ற, சாராயத்துக்குத் தன் வாசத்தை ஏற்றாத கலத்தில் குறைந்தது 3 மாதம் இருக்க வேண்டும். சர்க்கரை, சாயம், எசன்ஸ் எதுவும் சேரக் கூடாது. வீரியம் 38 முதல் 48 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆக, கிளாசில் இருப்பது திராட்சையும் அதைக் காய்ச்சியவரின் கையும்தான். வேறு எதுவும் இல்லை. தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பழ வாசம் வரும்.

நம் கடைகளில் பிராந்தி என்று வாங்குவது பெரும்பாலும் வேறு சரக்கு. கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த, மணமில்லாத சாராயம்தான் அதற்கு அடிப்படை. அதில் ஒரு பங்கு திராட்சைச் சாராயமும் கேரமல் நிறமும் மணமும் சேர்த்து 42.8 விழுக்காட்டுக்கு இறக்கியிருப்பார்கள். ஒரு சிறு பங்கு திராட்சை பிராந்தி இருந்தாலே பிராந்தி என்று எழுதிக்கொள்ள நம் நாட்டு விதி இடம் கொடுக்கிறது. முழுக்கத் திராட்சையிலிருந்தே செய்ததும் சில இருக்கின்றன. லேபிளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அது தெரியும். படித்துப் பார். பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஊற்றுகிற பழக்கம் உனக்கு வந்துவிடக் கூடாது.

பிராந்தியை நான் மட்டம் தட்டவில்லை. நம் தென்பகுதி பிராந்திக்காரர்களின் பூமி. வடக்கே விஸ்கி ஓடுகிற அளவுக்கு இங்கே பிராந்தி ஓடுகிறது. சளிக்கு நல்லது, பிரசவித்தவளுக்கு நல்லது என்று அதற்கு ஒரு மருந்துப் பட்டமும் தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டம் பொய். குடித்ததும் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிவதால் உடம்பு சூடானது போலத் தோன்றும். உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. பாருக்கு வருபவர் இருமிக்கொண்டே பிராந்தி கேட்டால் கொடு. மருந்து என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதே.

பெயருக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. பிஸ்கோ யாருடையது என்று பெருவும் சிலியும் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகின்றன. சிலி தன் பிஸ்கோவுக்கு 1931-லேயே சட்ட எல்லை வகுத்துவிட்டது. 1936-ல் எல்கி பள்ளத்தாக்கில் லா யூனியன் என்ற ஊருக்குப் பிஸ்கோ எல்கி என்று பெயரையே மாற்றியது. பெருவிலோ பிஸ்கோ என்ற பெயரில் துறைமுக ஊரே இருக்கிறது. இந்தச் சண்டை நம்மிடமும் வந்தது. புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். பிஸ்கோ என்ற பெயர் தனக்கே வேண்டும் என்று பெரு தூதரகம் 2005-ல் அங்கே விண்ணப்பித்தது. சிலியின் உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்தது. 2009-ல் பதிவகம், 'பெருவியன் பிஸ்கோ' என்று வேண்டுமானால் தருகிறோம் என்றது. பெரு மேல்முறையீட்டுக்குப் போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2018-ல் பிஸ்கோ என்ற பெயரை முழுதாகப் பெருவுக்கே கொடுத்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி, பெருவினுடையது 'பெருவியன் பிஸ்கோ' என்றே இருக்கட்டும், சிலிக்கும் அந்தப் பெயரில் உரிமை உண்டு என்றது.

இகாவின் வெயிலில் திராட்சை பறிக்கிறவருக்கும் எல்கியில் பறிக்கிறவருக்கும் அந்தப் பெயர்தான் சோறு. அதற்காக இருபது வருஷம் நம் ஊர் அலுவலகங்களின் படி ஏறியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெயரை கேரமல் போட்ட குவார்ட்டர் மேல் நாம் ஒட்டலாமா? இதே கிண்டி அலுவலகத்தில்தான் 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை பதிவானது. தேனி மாவட்டத்துக்கு வெளியே விளைந்த ஏதோ ஒரு பழத்தை அந்தப் பெயரில் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? இகாக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிராந்தி சவர் என்பது தாழ்ந்த பெயரும் இல்லை. சைப்ரஸ் தீவில் அதுதான் நாட்டுப் பானம் மாதிரி. அந்தத் தீவின் பிராந்தியும் அந்தத் தீவின் எலுமிச்சையும் போட்டு, யார் பெயரையும் கடன் வாங்காமல் செய்கிறார்கள்.

இனி நல்ல செய்தி. பிஸ்கோ சவரில் பிஸ்கோ ஒரு பாதிதான். மறுபாதி எலுமிச்சை, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, ஐஸ், கை. இவற்றில் எலுமிச்சை விஷயத்தில் லண்டன் பார்காரரைவிட நீ கொடுத்து வைத்தவன்.

பெருவில் இந்தப் பானத்துக்குப் போடுவது லிமோன் சூட்டில் என்ற சின்ன எலுமிச்சை. மெல்லிய தோல், நிறைய விதை, கடுமையான புளிப்பு, பழுத்தால் மஞ்சள். வடக்கே பியூரா பகுதியில் தோப்புத் தோப்பாக விளைகிறது. சிலியில் பிக்கா ஊர் எலுமிச்சை என்கிறார்கள். அதுவும் அதே இனம். காரைக்கால் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிறார்களே, புளியங்குடிச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக ஊர் ஊராகப் போகிறதே, அந்த எலுமிச்சையும் அந்த இனம்தான். ஆசியாவில் பிறந்து, அரேபியர் கைமாறி, ஸ்பானியர் கப்பலில் அமெரிக்கக் கண்டம் போன பழம் அது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விதையில்லாத பெரிய பச்சை லைமையோ மஞ்சள் லெமனையோ பிழிந்துவிட்டு, லிமாவில் குடித்த ருசி வரவில்லையே என்று தவிப்பார்கள். உனக்கு அந்தத் தவிப்பு இல்லை. பாட்டில் கிடைக்கவில்லை என்று புலம்புவதை நிறுத்திவிட்டு எலுமிச்சையிலிருந்து தொடங்கு.

பழம் எடுக்கும்போது தோல் வழவழப்பாக, கையில் கனமாக, அழுத்தினால் லேசாக அமுங்குவதாகப் பார். சொரசொரத் தோல் பழத்தில் சாறு குறைவு. பிழிவதில்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். கப்பல் வேலையில் இருந்தபோது லிமாவின் துறைமுகமான கயாவோவில் இறங்கி, வயதான ஒரு பார்காரர் பிழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குறுக்கே வெட்டிய அரைப்பழத்தை விரல்களால் ஒருமுறை அழுத்துவார், சாறு இறங்கும், அவ்வளவுதான், தூக்கிப் போட்டுவிடுவார். பாதிச் சாறு தோலுக்குள் நிற்கும். அதற்கு மேல் முறுக்கினால் வெள்ளைத் தோலின் கசப்பும் மேல்தோலின் எண்ணெயும் இறங்கி, குடித்து முடித்த பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கிவிடும். நம் வீடுகளில் எலுமிச்சையைச் சக்கையாகப் பிழிந்தால்தான் சிக்கனம் என்று பழகியிருக்கிறோம். இந்தப் பானத்துக்கு மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். மீதியை அம்மாவிடம் கொடு, ரசத்துக்கு ஆகும். பிழிந்த சாறு அன்றைக்கே தீர வேண்டும். மறுநாள் சாறு செத்த சாறு.

சர்க்கரைப்பாகு செய்வது எளிது. சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, சூடு காட்டிக் கரைத்து ஆறவிட்டால் போதும், கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். பிஸ்கோவுக்கு வெள்ளைச் சர்க்கரைதான். வேறு எது போட்டாலும் பழ வாசத்தை அமுக்கிவிடும். பிராந்திக்கு வந்தால் பனங்கற்கண்டைக் கரைத்துப் பார். கேரமல் வாசத்தோடு அது தகராறு பண்ணாது. என் நாக்குக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட அது நன்றாகவே இருக்கிறது.

முட்டைக்கு வருகிறேன். உனக்கும் தயக்கம் இருக்கிறது, குடிப்பவர்களுக்கும் இருக்கிறது. பச்சை முட்டையா என்று முகம் சுளிப்பார்கள். அந்த வெள்ளைக்கரு இல்லாவிட்டால் பானம் வெறும் எலுமிச்சைச் சாராயம். வெள்ளைக்கருவில் இருக்கும் புரதச் சுருள்கள் குலுக்கும்போது பிரிந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகப் பிடித்துக்கொள்கின்றன. எலுமிச்சையின் புளிப்பு அந்தப் படலத்தை இறுக்குகிறது. மேலே நிற்கும் அந்த வெண்ணுரை சாராயத்தின் காரத்தையும் எலுமிச்சையின் வெட்டையும் உதட்டிலேயே மட்டுப்படுத்திவிடும். அதற்குத்தான் முட்டை.

ஒரு முட்டையில் 30 மில்லி அளவுக்கு வெள்ளைக்கரு இருக்கும். ஒரு கிளாசுக்கு அதில் பாதி போதும். முழுதும் போட்டால் கவிச்சி தலைதூக்கும். விரிசல் விழாத, புது முட்டையாக எடு. தண்ணீரில் போட்டால் அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். நிமிர்ந்து நின்றாலோ மிதந்தாலோ ஒதுக்கிவிடு. கலவையில் நேராக உடைக்காதே, தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்த்துவிட்டுச் சேர். சாராயமும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கிளாசில் இருக்கும் அந்தச் சில நிமிஷத்தில் அது நடப்பதில்லை. வயதானவருக்கும் உடம்பு தேறிக்கொண்டிருப்பவருக்கும் பச்சை முட்டை போட்டதைக் கொடுக்காதே. ஹோட்டலில் பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக்கரு பாக்கெட் வரும், அங்கே அதையே வாங்கச் சொல்லிக் கேள். யாருக்குக் கொடுத்தாலும் இதில் முட்டை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடு. சைவக்காரர் கேட்டால் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டவைத்து, குளிரவைத்து 25 மில்லி போடு. சுண்டல் செய்யும் வீட்டில் கொட்டிவிடுகிற தண்ணீர்தான், நுரை அச்சாக வரும். உப்புப் போடாமல் வேகவைத்ததாக இருக்க வேண்டும்.

ஐஸ். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிரிட்ஜ் டிரேயின் சின்னக் கட்டி ஷேக்கரில் விழுந்ததும் பாதி கரைந்துவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி உறையவைத்து, துணியில் சுற்றி உடைத்துப் பெரிய துண்டுகளாக எடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு லாரியில் வரும் பார் ஐஸை வாங்கிவிடாதே. விலை மலிவு என்று சிலர் விசேஷங்களுக்கு அதை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது மீனுக்குப் போடும் ஐஸ், குடிக்கிற கிளாசுக்கு ஆகாது.

இனி கை வேலை. பார்மென்களின் சர்வதேசச் சங்கம் வைத்திருக்கும் அளவு: பிஸ்கோ 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப்பாகு 20, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. பெருவில் பலர் மூன்றுக்கு ஒன்று, ஒன்று என்று போடுவார்கள். நம்மூர் பிராந்தியில் ஏற்கெனவே இனிப்புச் சாயல் இருக்கிறது; அந்த அளவை அப்படியே போட்டால் சிரப் குடித்த மாதிரி ஆகிவிடும். 60 பிராந்தி, 25 எலுமிச்சை, 15 பாகு, 15 வெள்ளைக்கரு என்று தொடங்கு. பிறகு உன் பாட்டிலுக்கும் அன்றைய பழத்துக்கும் ஏற்ப எலுமிச்சையை மட்டும் ஏற்றி இறக்கு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று பிடிபடாது. புளியின் வயதைப் பார்த்துக் கரைசலைக் கூட்டிக் குறைக்கிற ரசக் கை மாதிரி அது வர வேண்டும். அதுவரை கண் அளவு வேண்டாம், மில்லிக் குப்பியை விடாதே.

முதலில் ஐஸ் இல்லாமல் எல்லாவற்றையும் போட்டு நன்றாகக் குலுக்கு. நுரை பிறப்பது இந்தக் குலுக்கலில்தான். உள்ளே காற்று விரிந்து மூடி தெறிக்கும், அதனால் உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள். ஷேக்கர் இல்லையென்றால் அகல வாய்க் கண்ணாடி பாட்டில் போதும், திருகு மூடியாக இருக்கட்டும். அடுத்து ஐஸ் போட்டு இரண்டாம் குலுக்கல். முதலில் கட்டிகள் கடகடவென்று மோதும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்து மந்தமாகும், உலோகத்தின் வெளிப்புறம் வெளுத்து, விரல் ஒட்டுகிற குளிர் ஏறும். அங்கே நிறுத்து. கலவையின் அளவில் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர் கரைந்து சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரும் செய்முறையில் சேர்ந்ததுதான். அதற்கு மேல் குலுக்கினால் நீர்த்துவிடும். குளிரவைத்த கிளாசில் வடிகட்டி ஊற்றி அரை நிமிஷம் விடு, நுரை தானாக மேலே ஏறி அடர்ந்து நிற்கும்.

லிமாவில் எத்தனையோ வீடுகளில் ஷேக்கரைத் தொடுவதே இல்லை. மிக்ஸிதான். சாராயம், சாறு, பாகு, ஐஸ் போட்டு ஒரு சுற்று, கடைசியில் வெள்ளைக்கருவைப் போட்டு ஒரு நொடிச் சுற்று, முடிந்தது. நீயும் செய்யலாம். ஆனால் தேங்காய்ச் சட்னி ஜாரில் போடாதே. எத்தனை முறை கழுவினாலும் மூடியின் ரப்பரில் பூண்டு உட்கார்ந்திருக்கும். தனி ஜார் வை.

நுரை மேல் பிட்டர்ஸ் இரண்டு மூன்று சொட்டு விடுகிறார்களே, அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. குடிப்பவரின் மூக்கு முதலில் போய் முட்டுவது நுரையில்தான். அங்கே முட்டைக் கவிச்சி வராமல் பட்டையும் கிராம்பும் சேர்ந்த வாசம் வர வேண்டும், அதற்குத்தான். பெருவில் சுஞ்சோ என்ற பிட்டர்ஸ். மற்ற இடங்களில் அங்கோஸ்டூரா, 1824-ல் வெனிசுவேலாவில் சீகெர்ட் என்ற டாக்டர் வயிற்றுக்கோளாறுக்கு மருந்தாகச் செய்து, இன்று டிரினிடாடிலிருந்து வருவது. வீட்டில் அது இல்லையென்றால் சிறிது பிராந்தியில் பட்டை, கிராம்பு, உலர்ந்த நார்த்தங்காய்த் தோல், கொஞ்சம் நன்னாரி வேர் போட்டு ஒரு வாரம் மூடி வை. வடிகட்டிச் சொட்டு மருந்து சீசாவில் ஊற்றிக்கொள். நன்றாகவே வேலை செய்கிறது.

இந்தப் பானத்தை உண்டாக்கியவர் கதையையும் தெரிந்து வைத்துக்கொள், விருந்தினர் கேட்பார்கள். விக்டர் மோரிஸ் என்ற அமெரிக்கர். ரயில் கம்பெனி வேலைக்காக 1904-ல் பெருவின் செரோ தே பாஸ்கோ சுரங்க ஊருக்கு வந்தவர். 1916-ல் லிமாவில் பார் திறந்தார். அங்கே விஸ்கி சவரைப் பிஸ்கோவில் போட்டுக் கொடுத்தார். அந்த பாரில் வேலை பார்த்த மரியோ புரூகே என்ற பெருக்காரர் 1920-களில் வெள்ளைக்கருவையும் பிட்டர்ஸையும் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 1903-ல் லிமாவில் அச்சான ஒரு சமையல் புத்தகத்திலேயே பிஸ்கோவும் முட்டை வெள்ளையும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த காக்டெய்ல் இருப்பதால், மோரிஸுக்கு முன்பே லிமாச் சமையலறைகளில் இது இருந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர் பெயர் போர்டில் ஏறுவது அபூர்வம் தம்பி. புரூகே பெயரையும் சேர்த்தே சொல்.

பன்னீர் திராட்சைக்கு வருகிறேன், இதில் உனக்குச் சொந்தமாக ஒன்று செய்ய இடமிருக்கிறது. வாசனைப் பிஸ்கோவுக்குப் போடும் 'இத்தாலியா' திராட்சை, அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற பழைய இனம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஹாம்பர்க் மஸ்கட். அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் பிள்ளை. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1832-ல் என்பது பதிவில் இருக்கும் வரலாறு. ஆக, பிஸ்கோவின் பூ வாசம் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறதோ அதே குடும்பத்துப் பழம் உன் மார்க்கெட்டில் கிலோக்கணக்கில் கிடக்கிறது. ஏழெட்டுப் பழத்தை ஷேக்கரின் அடியில் தோலோடு நசுக்கு. வாசம் தோலில்தான் இருக்கிறது. விதையை நொறுக்காதே, துவர்க்கும். பிறகு பிராந்தியும் மற்றதும். பாகை 10 மில்லியாகக் குறை. நிறம் சிவக்கும், சிவக்கட்டும். இதற்குக் காரைக்கால் பெயரோ கம்பம் பெயரோ உன் பெயரோ எதை வேண்டுமானாலும் வை, உன் உரிமை.

இதைப் படித்ததும் உன் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பன்னீர் திராட்சையைப் புளிக்கவைத்து வீட்டிலேயே காய்ச்சினால் பிஸ்கோ வராதா என்று யோசிப்பாய். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடு. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அதைவிடப் பெரிது, உள்ளே என்ன வந்திருக்கிறது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குடித்தவர்களுக்கு அது வேறு சாராயம் என்று ருசியில் தெரியவில்லை. காய்ச்சுவது படித்து, அளந்து, சோதித்துச் செய்யும் தனித் தொழில். உன் தொழில் கலப்பது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ படித்துவிட்டு வந்து செய்யும் வேலை உனக்குக் கலை. அம்மாவுக்கு பாட்டில் என்றால் தெருவில் விழுந்து கிடந்த யாரோ ஒரு உறவுக்காரர் முகம்தான் ஞாபகம் வரும். நம் ஊர் அப்படி. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்து மலிவு விலைக்காக வந்து, கடை வாசலிலேயே நின்று குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட்டோடு முடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த தெருக்கள். அம்மா பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தப் பயத்தை மதி. ஒளித்து வைத்துச் செய்யாதே, சொல்லிவிட்டுச் செய். அம்மாவின் பாத்திரத்தைத் தொடாதே. உனக்கென்று கிளாஸ், ஜார், வடிகட்டி வாங்கிக்கொள். முதலில் சாராயமே இல்லாமல் பழகு. சாறு, பாகு, வெள்ளைக்கரு, பிராந்திக்குப் பதில் தண்ணீர். நுரையும் குலுக்கலும் இதிலேயே கைவரும். அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சாராயம் சேர்க்கும் நாளில் ஒரு கிளாஸ் போடு, ருசி பார், குறித்துக்கொள், மீதியைக் கொட்டிவிடு. ஒரு கிளாசில் 60 மில்லி இருக்கிறது, நம் கணக்கில் ஒரு லார்ஜ். குவார்ட்டரில் மூன்றுதான் வரும். நுரையும் இனிப்பும் மறைப்பதால் இரண்டாவது உள்ளே போவதே தெரியாது. பழக்கம் பிடிக்கும் தொழில் இது, நல்ல கைகள் பலவற்றை அது தின்றதைப் பார்த்திருக்கிறேன். கொட்டுவதற்கு வருத்தப்படாதே.

செய்ததைப் பாட்டிலில் அடைத்து நாகூர் சிநேகிதனுக்குக் காட்டுகிறேன் என்று பைக்கில் கிளம்பிவிடாதே. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு; நம் ஊரில் விலைச்சீட்டோடு வாங்கின சரக்கே அங்கே வழக்காகிவிடும். அவனை இங்கே வரச் சொல்.

உன் பெரியப்பா குடும்பம் பாரிசிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தாயே, அவர்களிடம் கேள். அங்கே நல்ல கடைகளில் பிஸ்கோ கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். லேபிளில் 'பூரோ' என்று இருந்தால் ஒரே வகைத் திராட்சை. 'அச்சோலாதோ' என்றால் பல வகை கலந்தது. 'மோஸ்தோ வெர்தே' என்றால் சாறு முழுதும் புளித்து முடியும் முன்பே காய்ச்சியது, விலை கூடுதல். சவருக்கு அச்சோலாதோவோ, கெப்ராந்தா திராட்சையின் பூரோவோ வாங்கிவரச் சொல். மோஸ்தோ வெர்தேவை எலுமிச்சையில் முக்குவது வீண்.

பாட்டில் வந்ததும் உடனே கலக்க ஆரம்பிக்காதே. 15 மில்லி தனியாக ஊற்றி, ஐஸ் இல்லாமல், மோந்து மோந்து மெதுவாகக் குடி. பிறகு 60, 30, 20 என்ற அளவில் ஒன்று போடு. பக்கத்திலேயே உன் பிராந்தி சவரை உன் அளவில் போட்டு வை. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாய் எடுத்து, எதில் எலுமிச்சை முன்னால் நிற்கிறது, எதில் பின்னால் போகிறது, நுரை எதில் சீக்கிரம் உடைகிறது என்று நோட்டில் எழுது. அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. பிராந்தி சவருக்கு என்ன அளவில் போய் நின்றாய் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன். நான் 25 எலுமிச்சை என்று எழுதியிருக்கிறேன், ஆனி மாதத்துப் பழத்துக்கு அது அதிகமாகக்கூட இருக்கலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்